அவரைப் பந்தலில் கட்டிய நூல்

ஆவடிப் பக்கம் குளிரும் என்று, நான் தங்கப்போகிற வீட்டுச் செல்வி போனில் எச்சரித்தபோது நான் சிரித்துவிட்டேன். கடல் தாண்டி எங்கள் ஈப்போவில் வருடம் முழுக்க ஒரே வெயில். குளிர் வேண்டுமென்றால் மலையேறிக் கேமரனுக்குப் போக வேண்டும். சென்னையில் என்ன பெரிய குளிர் என்ற எண்ணத்தோடு, அரைக்கைச் சட்டையில் மார்கழி விடிகாலையில் கோவில்பதாகையில் வந்து இறங்கினேன். தெரு முழுக்கக் குரங்குக் குல்லாய். பால் வாங்கப் போகிறவர், வாசலில் கோலம் போடுகிறவர், ஆட்டோவைத் துடைக்கிறவர் என்று ஒருவர் விடாமல் காதை மூடியிருந்தார்கள்.

செல்வியின் கணவர் மணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாண்ணா, குளுரல?"

"இல்லையே" என்றேன் கெத்தாக. மூன்றாம் நாள் அவருடைய பழைய குல்லாய் என் தலையில் இருந்தது.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கவிதாவுக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். பள்ளிக்கூட ஆசிரியை, எதையும் யோசித்து ஒரேயடியாகச் சொல்லுவாள். பூமாலை வேண்டாம், நான் என் கையால் நூற்ற நூலில் இரண்டு மாலை வேண்டும் என்றாள். நான் பள்ளி பஸ் ஓட்டுகிறவன். "இத்தனை வருசமா ஸ்டியரிங்கைச் சுத்துன கை. எனக்காக ஒரு தடவை வேற எதையாவது சுத்தட்டும்பா" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன். அவள் விளையாடவில்லை.

என் மனைவி லெட்சுமிக்குத்தான் பயம். மாப்பிள்ளையின் அம்மா பல்லி கத்தினாலே நல்லதா கெட்டதா என்று கணக்குப் பார்க்கிறவர். "முகூர்த்த நேரத்துல மாலை அறுந்துச்சுன்னா, அந்தம்மா ஆயுசுக்கும் நம்ம பிள்ளையச் சொல்லிக் காட்டும்லா" என்றாள். ஆக, என் வேலை இதுதான்: இரண்டு மாலை, என் கை நூல், அறுந்துவிடக் கூடாது.

செல்வியைக் கண்டுபிடித்தது கவிதா. ராட்டை சுற்றுவதைப் படம் பிடித்துப் போனில் போட்டுக்கொண்டிருந்தாள் செல்வி. அதைப் பார்த்து நான் தனியாக முயன்றதில் பஞ்சு வீடெல்லாம் பறந்ததே தவிர நூல் வரவில்லை. அவளிடமே கேட்டேன். "வீடியோ பாத்தெல்லாம் வராதுண்ணா. ஊட்டுக்கு வந்து குந்து, மேல ரூம்பு காலியா கீது" என்றாள். என்னைவிட இருபது வயது சின்னவள். அண்ணா என்றும் கூப்பிடுகிறாள், நீ என்றும் பேசுகிறாள். எங்கள் ஊரில் இரண்டும் சேராது. இங்கே அது சேரும்போது மரியாதையும் குறையவில்லை, பாசமும் குறையவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் செல்விக்கு இரும்புச் சாமான்களைச் சரிபார்க்கிற வேலை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அளந்து, பாஸ் தட்டிலோ ரிஜக்ட் தட்டிலோ போட வேண்டும். வீட்டிலும் அதே வேலைதான். கத்திரிக்காய், கோலமாவு, மணி ஓட்டி வந்து நிறுத்துகிற லோடு ஆட்டோ எல்லாவற்றையும் அதே கண்ணோடு பார்ப்பாள். குரலும் எட்டு வீட்டுக்குக் கேட்கும். ஷிப்டு முடிந்து வந்த பிறகும் மெஷின் சத்தம் காதுக்குள்ளேயே ஓடுமாம். ராட்டை சுற்றினால்தான் அடங்குமாம். அப்படி நூற்ற நூலைச் சேர்த்து, தனக்கொரு புடவை நெய்யக் கொடுக்கப்போகிறாள். அந்த நூலை அவளே புகழ்ந்துகொள்வாள். "பாரு, என் நூல் எவ்ளோ சோக்கா கீது." உண்மையிலேயே அழகுதான்.

மொட்டை மாடிதான் அவர்கள் தோட்டம். பெயிண்டு வாளிகளிலும் உடைந்த வாஷிங் மெஷின் தொட்டியிலும் கத்திரி, முள்ளங்கி, சிறுகீரை. ஓரமாக மூங்கில் நட்டு ஒரு அவரைப் பந்தல். ஊதாப் பூவும் காயுமாக இறங்கித் தொங்கியது. முதல் நாள் மதியம் அந்தக் காயைப் பறித்து, மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் போட்டு, தேங்காய் தூவிப் பொரியல் செய்தாள். கீரையைக் கடைந்தாள். பூண்டு ரசம் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஈப்போவில் நான் சாப்பிடாத சாப்பாடு இல்லை. கோழி இல்லாமல் எனக்கு மதியம் இறங்காது. அன்று கோழி ஞாபகமே வரவில்லை. மூன்று தரம் சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்து மணி, "துன்னுண்ணா, காய் இன்னும் கீது" என்றார்.

சாப்பிட்ட கையோடு ராட்டைக்கு ஓடினேன். கையைக் கழுவினேன்தான், ஆனால் அவசரக் கழுவல். பெட்டி ராட்டை பார்ப்பதற்குச் சின்ன சூட்கேஸ் மாதிரி. திறந்தால் உள்ளே ஒரு பெரிய சக்கரம், ஒரு சின்ன சக்கரம், ஓரத்தில் ஊசி போன்ற கதிர். வலது கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இடது கை பஞ்சுத் திரியைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். கிளட்சும் ஆக்சிலேட்டரும் போலத்தான் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும். என் கைகள் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே ஒரு கட்டி, அங்கே முடி மாதிரி ஒரு இழை, பிறகு ஒரு அறுப்பு. அதில் இரண்டு மூன்று இடத்தில் மஞ்சள் கறை வேறு.

செல்வி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது நூலா, கம்பளிப்பூச்சியா? கைய ஒயுங்கா கய்விகினு குந்துண்ணா. ரிஜக்ட்டு."

அடுத்தடுத்த நாட்களும் அப்படித்தான். காலையில் கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. மதியம் முள்ளங்கி சாம்பார். ராத்திரிக்குச் சூடான கஞ்சியும் கத்திரிக்காய் சுட்டு அரைத்த துவையலும். வாயிலே போகிற ஒவ்வொன்றும் மனசைக் குளிர வைத்தது. கையிலிருந்து வருகிற நூல் மட்டும் ரிஜக்ட்டு. அந்தக் கம்பளிப்பூச்சி நூலை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு ஆணியில் மாட்டினாள். பந்தலில் காய் கனத்துக் கொடி சரிந்தபோது, அந்தப் பையிலிருந்தே நூலை எடுத்து நாலைந்து இடத்தில் மூங்கிலோடு சேர்த்துக் கட்டினாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் நியாயம்தான்.

ஒருநாள் சக்கரத்தின் அச்சு ஆடியது. சரிசெய்ய அம்பத்தூரில் ஒரு தச்சரிடம் கொண்டுபோனேன். வேலை சுலபமாக முடிந்தது, திரும்புவதுதான் பாடு. சாயங்கால ரயில். எங்கள் நாட்டு ரயிலில் ஆள் ஏறிய பிறகு கதவு மூடும். இங்கே கதவும் மூடவில்லை, ஆளும் தீரவில்லை. ராட்டைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்குக்காரர்கள் என்பதால் எனக்குப் புரியும்.

"பெட்டியை எப்படிப் பிடிச்சிருக்கார் பார். உள்ளே பாம்பு இருக்குமோ?"

"நீ கொஞ்சம் தள்ளி உட்கார்."

அவர்கள் தள்ளி உட்கார்ந்ததில் எனக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து காட்டி, எனக்குத் தெரிந்த தெலுங்கில் மகள் கல்யாணக் கதையைச் சொன்னேன். திருமுல்லைவாயில் வந்தபோது ஒருத்தி சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவடி வந்தபோது இன்னொருத்தி தன் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது நடந்த கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிக் கதையில் எழுந்திருக்க மனசு வரவில்லை. எழுந்தபோது வாசலை அடைய முடியவில்லை. பட்டாபிராமில்தான் இறங்கினேன். நஷ்டமில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், ஒரு கட்டு வாங்கி வந்தேன். செல்வி அதை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தாள். நார் உரித்து, மிளகு தொட்டுத் தின்றோம்.

நூல் வந்தது ராட்டையால் அல்ல, ஒரு குழம்பால். பந்தலில் முற்றிய காய்களை உரித்துக் கொட்டையை எடுத்து, செல்வி ராத்திரியே தண்ணீரில் ஊறப் போட்டிருந்தாள். காலையில் அந்தக் குண்டானை என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு கொட்டையாக விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் தோல் நின்றுவிடும், பருப்பு வழுக்கி வெளியே வரும். பிதுக்கம் பருப்பு என்கிறார்கள். இந்தப் பக்கம் பனிக்காலத்தில் வீட்டுக்கு வீடு இதுதான் விசேஷம். நான் அழுத்திய முதல் கொட்டை கூழாகிவிட்டது. இரண்டாவது மணியின் நெற்றியில் போய் அடித்தது.

"கொட்டைய நசுக்காதண்ணா. தோல மட்டும் புடி. உள்ள கீறது தானா வரும்" என்றாள் செல்வி.

அந்தக் குண்டான் முடிய வெகு நேரம் ஆனது. பாதியில் என் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் என்னைக் கேட்காமலே வேலை செய்தன. எவ்வளவு அழுத்தினால் போதும் என்று அவற்றுக்கே தெரிந்துவிட்டது. கத்திரிக்காயும் பிதுக்கம் பருப்பும் போட்ட குழம்பு. நல்லெண்ணெய் மேலே மிதந்தது. அதைப் பற்றி நான் எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. சாப்பிட்டு, இந்த முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ராட்டை முன் உட்கார்ந்தேன். திரியை அதே அழுத்தத்தில் பிடித்தேன். நூல் வந்தது. அறுந்துபோகவில்லை. கை பின்னால் போகப் போக நூலும் கூடவே வந்தது. செல்வி இரு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்து வரப் போனாள். திட்டவில்லை என்பதே பெரிய விஷயம். என் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயதில் புதிதாக ஒன்று கைக்கு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பொங்கல் நெருங்கும்வரை விடாமல் நூற்றேன். இரண்டு மாலைக்கும் போதும் என்று செல்வி சொன்ன அன்று, நூலைச் சிட்டம் என்கிற வளையங்களாகச் சுற்றி முடித்தேன். "ரூம்புல வைக்காத, மாடில பனி எறங்கும். நூல் நமுத்துப் பூடும்" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அதனால் அழுக்குப் படாமல் என் பழைய வேட்டியில் சுற்றி, வீட்டிலேயே ஈரம் சேராத இடமாகப் பார்த்து, மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் வைத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாதது இதுதான். போகிக்கு முந்தின நாள், கொளுத்த வேண்டிய பழசையெல்லாம் அந்த வீட்டில் மாடிப்படிக்குக் கீழேதான் சேர்த்து வைப்பார்கள். தேய்ந்த துடைப்பம், கிழிந்த தலையணை, பழைய துணி எதுவானாலும் அங்கே. எங்கள் ஈப்போவில் அடுக்குமாடி வீடு. போகிக்கு அலமாரியைத் துடைப்பதோடு சரி.

விடியாத விடியலில் தெருவெல்லாம் நெருப்பு. பிள்ளைகள் சின்னச் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். பனியும் புகையும் சேர்ந்து எதிர் வீடு தெரியவில்லை. செல்வி கிழிந்த கோரைப்பாய் ஒன்றில் எல்லாவற்றையும் மொத்தமாகச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டாள். நெருப்பு நன்றாக எழும்பியது. நான் குல்லாயோடு குந்தி, இரண்டு கையையும் நீட்டிக் குளிர் காய்ந்தேன். பாய் ஒரு பக்கம் வேகாமல் கிடந்தது. குச்சியால் உள்ளே தள்ளியும் விட்டேன். கவிதாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். என் வாழ்க்கையின் அழகான காலை என்று எழுதினேன்.

டீ குடித்துவிட்டுச் சிட்டங்களை எடுக்கப் போனபோது படிக்குக் கீழே தரை பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

நான் சத்தம் போடவில்லை. செல்வியைக் கூப்பிட்டு, "இங்கே ஒரு வேட்டி மூட்டை" என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ஓடிப்போய்க் குச்சியால் சாம்பலைக் கிளறினாள். பஞ்சு என்ன மிச்சம் வைக்கும்? படியில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல் எனக்கே கேட்கவில்லை.

"கம்பெனில ஒரு பீசு கூட பாக்காம வுட மாட்டேண்ணா. ஊட்ல ஒரு மூட்டைய பிரிச்சிப் பாக்காம கொளுத்தினேனே."

"நான்தானேம்மா குச்சியால் தள்ளிவிட்டேன்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். பொங்கல் முடிந்த மறுநாள் விமானம். இன்னொரு தடவை அத்தனையும் நூற்க வழியே இல்லை. மகளிடம் என்ன சொல்வேன் என்பதுதான் மனசு முழுக்க ஓடியது.

பொங்கல் குழம்புக்கு அவரைக்காய் பறிக்க மாடிக்குப் போன மணி, மேலேயிருந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பந்தலருகே நின்று கொடியைக் காட்டினார். காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. எல்லாக் கனத்தையும் மூங்கிலோடு பிடித்துக்கொண்டிருந்தது என் கம்பளிப்பூச்சி நூல்.

"இத்தினி நாளு பனில நனஞ்சி, காத்துல ஆடி, இந்த வெயிட்ட தாங்கிகினு கீது. ஒரு கல்யாண மாலைய தாங்காதா இது?"

செல்வி கிட்டே போய் ஒரு முடிச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். ஆணியில் மாட்டியிருந்த பையைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். "கட்டி கீற எடம் கெட்டி. மெலிசு கீற எடந்தான் பிஞ்சிடும். ரெண்டு இழையா முறுக்கினா தாங்கும்" என்றாள். ஆனால் என் நூலையே இரண்டாக மடக்கி முறுக்கினால் நீளம் பாதியாகிவிடும். ஒரு மாலைக்குத்தான் காணும். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய நூல். புடவைக்கென்று சேர்த்தது, தன் வாயாலேயே அவள் புகழ்ந்துகொள்வது.

"வேணாம் செல்வி. அது உன் புடவை."

"புடவ நிதானமா கட்டிக்கலாம். உன் பொண்ணுக்குக் கண்ணாலம் தையில."

கவிதாவிடம் சொல்லாமல் செய்ய மனமில்லை. என் கை நூல் என்றுதானே கேட்டாள். போன் போட்டு, எரிந்ததையும் சொன்னேன், பாதி இழை என்னுடையது, பாதி செல்வியுடையது என்பதையும் சொன்னேன். அவள், "பா, நீங்க அனுப்பின போட்டோல எரியறது என் மாலையா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, "அக்கா நூலும் இருக்கட்டும்பா. உங்களுக்கு அவங்கதானே கத்துக் குடுத்தாங்க" என்றாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

பொங்கலன்று பானை பொங்கிய கையோடு உட்கார்ந்தோம். பந்தலில் கட்டியிருந்த நூலையும் அவிழ்த்தாள் செல்வி. கொடிக்குச் சணல் கட்டினார் மணி. முறுக்குவதற்கு ராட்டையை எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். என் கட்டி இழையும் அவளுடைய சீரான இழையும் என் விரலுக்கிடையில் சேர்ந்து போயின. நான் சுற்றினேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நூலையும் சிக்கில்லாமல் விட்டுக்கொண்டே இருந்தாள். இடையிடையே சர்க்கரைப் பொங்கல் வந்தது. "நெய்க் கையோட தொடாத" என்று அதட்டினாள். குரல் திரும்பி வந்துவிட்டது என்பதில் எனக்கும் மணிக்கும் நிம்மதி. ராத்திரிக்குள் இரண்டு மாலையும் தயார்.

ஈப்போவில் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றும்போது மாப்பிள்ளையை அவர் தோழர்கள் தூக்கிப் பிடித்து விளையாட்டுக் காட்ட, கவிதா எட்டிப் போட்டதில் மாலை அவர் காதில் மாட்டிக்கொண்டு இழுபட்டது. லெட்சுமி என் கையைக் கிள்ளிவிட்டாள். சம்பந்தியம்மா கண் கொட்டாமல் பார்த்தார். ஒரு இழைகூட அறவில்லை. மேடையில் உட்கார்ந்த பிறகு கவிதா தன் மாலையை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். என்னைக் குனியச் சொன்னாள்.

"பா, இதென்ன மஞ்சளா?"

"அவரைக்காய்ப் பொரியல். முதல் நாள்."

"இந்தப் பச்சை?"

"அதே அவரைக்காயின் கொடி."

அத்தனை பேர் முன்னாலும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது எடுத்த படத்தைத்தான் செல்விக்கு அனுப்பினேன். ராத்திரி அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

"கறைய பாத்தியாண்ணா, அப்டியே கீது. கைய கய்விகினு குந்து, கைய கய்விகினு குந்துன்னு எத்தினி தபா சொன்னேன்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை, ஆனால் பதிவை நிறுத்த மறந்துவிட்டாள் போலிருக்கிறது. செய்தி முடிகிறவரை ராட்டை சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.